புது வண்டியுடன் கசாரா மலைப்பாதையில்

நாசிக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மும்பைப் பாதை புதியதன்று. ஊருக்குச் செல்வோர் கல்யாணில் இறங்கித் தெற்கே போகும் வண்டியைப் பிடிக்கின்றனர். மருத்துவம், மேற்படிப்பு, உறவினரை வரவேற்றல் என எதற்காயினும் அவ்வழியேதான் போய் வருகிறோம். ஆயினும் இரவு வண்டியில் உறங்கியபடியே கசாரா மலையைக் கடந்து விடுவதால், அம்மலையை விழித்த கண்ணால் கண்டவர் நம்மில் சிலரே. 2025ஆம் ஆண்டு ஆனித் திங்களின் கடைசி வெள்ளிக்கிழமையன்று, ஒரே பகலில் அம்மலையைப் புகைவண்டியில் இறங்கவும், புத்தம்புதிய பந்தயத் திறன் கொண்ட மோட்டார் வண்டியில் ஏறவும் நமக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. அந்தப் பயணத்தைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

வண்டி நம்முடையது அன்று. நம் சங்கத்து மூத்த நண்பர் ஒருவருடையது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அவரை அண்ணாச்சி என்றும், அவர் துணைவியாரை மதினி என்றும் அழைப்பது நம் வழக்கம். 1988ஆம் ஆண்டில் ஓஜர் விமானத் தொழிற்சாலையில் தொழில் நுட்பராகச் சேர்ந்தார். முதலில் மிக்-27 விமானங்கள், பின்னர் சுகோய்-30 விமானங்கள் என 36 ஆண்டுகள் அவற்றின் உள்ளுறுப்புகளோடு உழைத்து, 2024இல் ஓய்வு பெற்றார்.

அவருக்கு ஊரில் ஒரு மனை இருந்தது. பாளையங்கோட்டைக்கு அப்பால் இருபது சென்ட். 1994இல் சேமிப்பையெல்லாம் திரட்டி வாங்கியது. ஓய்வு பெற்றதும் அங்கே வீடு கட்டிக் குடியேறுவது என்பது அந்நாளைய தீர்மானம். ஆண்டுதோறும் சீமைக் கருவேலை வெட்டுவதற்குப் பணம் அனுப்புவார். அடுத்த ஆண்டும் அது முளைத்திருக்கும். அவ்வழியே பெரிய சாலை வந்தது. மனையின் விலை ஏறியது. 2025இன் தொடக்கத்தில் அண்ணாச்சி அதனை விற்றார். விற்ற பணத்துடன் பணிக்கொடையில் ஒரு பகுதியையும் சேர்த்து, வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்ற காருக்கு முன்பதிவு செய்தார்.

மனையை விற்றுக் காரா என்று சங்கத்தில் பேசாதார் இல்லை. நம் இல்லத்திலும் அப்பேச்சு எழுந்தது. காரின் விலை அப்போது 53 லட்சம் ரூபாயாக இருந்தது. சாலை வரியும் காப்பீடும் சேர்ந்தால் அறுபதைத் தாண்டியது. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்கு அது எண்ணிப் பார்க்கவும் அஞ்சத்தக்க தொகை. நாம் அதனைப் புகழவும் முற்படவில்லை, பழிக்கவும் முற்படவில்லை. “தம்பி, பொருளைச் சரிபார்த்து எடுப்பது உங்கள் தொழில். கூட வர வேண்டும்” என்று அவர் கேட்டார். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டோம்.

அந்தக் காரின் வரலாற்றை அண்ணாச்சியின் வாயால் கேட்க வேண்டும். 1970களின் நடுவில், ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் சில பொறியாளர்கள் மேலிடத்தின் உத்தரவை எதிர்பாராமல், எளிய குடும்பக் கார் ஒன்றில் வலிய எஞ்சினைப் பொருத்திப் பார்த்தனர். அது 1975ஆம் ஆண்டு ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1976இல் விற்பனைக்கு வந்தது. 110 குதிரைத் திறன்; ஐந்தாயிரம் வண்டிகள் விற்றாலே போதுமெனக் கணக்கிட்டனர். அந்த முதல் தலைமுறையே நான்கரை லட்சத்துக்கு மேல் விற்றது. குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி இருக்கைகளுக்குக் கட்டம் போட்ட துணியையும், கியர்த் தண்டின் தலைக்குக் கோல்ஃப் பந்தையும் தேர்ந்தெடுத்தார். பணக்காரரின் இரட்டை இருக்கை வண்டியாக இல்லாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுவிட்டு, மலைப்பாதையில் பந்தய வண்டிகளோடும் ஓட வல்லதாக அது அமைந்ததே அதன் சிறப்பு. தொழிற்பழகுநராக இருந்த காலத்தில், நூலகத்துப் பழைய ஆங்கில இதழ் ஒன்றில் அதன் சிவப்புப் படத்தை அண்ணாச்சி கண்டார். இதழ் கழிவுக்குப் போனபோது படத்தைக் கேட்டு வாங்கி, வீட்டுக் கருவிப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டினார். இன்றும் அது அங்கே இருக்கிறது.

2025 மே மாதம் அந்த வண்டியின் எட்டாம் தலைமுறை முழுவதும் கட்டப்பட்ட நிலையில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. முதல் தவணையில் 150 வண்டிகளே. அவற்றுள் ஒன்று அண்ணாச்சிக்குக் கிட்டியது.

ஆடி பிறந்துவிட்டால் புதுப்பொருள் எடுக்கலாகாது என்று மதினி உறுதியாக நின்றதால், ஆனிக்குள்ளேயே நாள் குறிக்கப்பட்டது. நாங்கள் மூவரும் காலை ஏழு மணியளவில் நாசிக் ரோட்டில் பஞ்சவடி எக்ஸ்பிரஸ் ஏறினோம். மதினியின் கைப்பையில் நான்கு எலுமிச்சம்பழங்களும், திருநீற்றுப் பொட்டலமும், தயிர்ச்சோறும் இருந்தன.

இகத்புரியில் வண்டி நின்று தடைகளைச் சோதித்துக்கொண்ட பிறகே இறங்கத் தொடங்கும். அங்கிருந்து கசாரா வரை தண்டவாளம் 37 அடிக்கு ஓர் அடி வீதம் சரிகிறது. புகைவண்டிக்கு இது கடுஞ்சரிவு. 1865ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இப்பாதை திறக்கப்பட்டது. பாறையைக் குடைந்தும், பள்ளத்தாக்கின் மேல் தூண் எழுப்பியும் அதை அமைத்தவர்களின் உழைப்பை, மழைக்காலத்துப் பகலில் சன்னலோரம் அமர்ந்து பார்த்தால்தான் உணர முடியும். ஒவ்வொரு குகைவழியும் முடியுமிடத்தில் ஓர் அருவி நின்றது. எஹேகாவ் பாலத்தின்மேல் வண்டி மெல்லச் சென்றபோது, கீழே மரங்கள் புல்லைப் போலத் தெரிந்தன.

எதிர்த் தடத்தில் ஒரு சரக்கு வண்டி ஏறி வந்தது. கசாராவில் ஏறும் வண்டிகளுக்குப் பின்னால் துணை எஞ்சின்கள் இணைக்கப்படும். முன்னே உள்ளது இழுக்க, இவை பின்னின்று தள்ளும். இகத்புரி வந்ததும் இவற்றைக் கழற்றி விடுவர். 2023 பிப்ரவரியில் வந்த மும்பை–சீரடி வந்தே பாரத் வண்டி துணை எஞ்சின் இல்லாமலே இம்மலையை ஏறுகிறது. நாம் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது மதினி கேட்டார்: “மேலே கொண்டு சேர்த்த பிறகு தள்ளிய எஞ்சின் என்ன செய்யும் தம்பி?” “திரும்பக் கசாராவுக்கே இறங்கி, அடுத்த வண்டியைத் தள்ளும்” என்றோம். அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

பத்து மணிக்குத் தானாவில் இறங்கினோம். விற்பனை நிலையத்தை அடைந்தபோது பதினொன்றை நெருங்கிவிட்டது. வண்டி பட்டுத்துணி போர்த்தியிருந்தது. மாலை, இனிப்பு, புகைப்படக்காரர் எல்லாம் தயார். துணி விலக்கப்பட்டதும் சிவப்பு நிறம் விளக்கொளியில் பளிச்சிட்டது. அண்ணாச்சி பேசவில்லை. கருவிப்பெட்டி மூடியில் நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்த படம் நான்கு சக்கரங்களோடு எதிரே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வழக்கம்போலத் தாள்களை முதலில் நீட்டினர். “வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற வாசகத்தின் கீழே கையொப்பமிட வேண்டும். அப்போது மதினி, “வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். அதற்குப் பிறகுதான் கையெழுத்து” என்றார். நமக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. முழுதாக ஒரு மணி நேரம் கிடைத்தது.

கூட்ஸ் ஷெட்டில் பணிபுரியும் நமக்கு, பொருளை ஒப்புக்கொள்வது என்றால் என்னவென்று நன்கு தெரியும். ரயில்வே ரசீதைக் கொடுத்து, ஏட்டில் மறுப்பின்றிக் கையொப்பமிட்டுச் சரக்கை எடுத்துச் சென்றவர், மறுநாள் குறை கூறி வந்தால் அவருடைய கோரிக்கை வலுவிழந்து விடுகிறது. சரக்கு சேதமுற்றோ, கட்டு அவிழ்க்கப்பட்ட அடையாளத்தோடோ வந்திருந்தால், திறந்து பார்த்து ஒப்படைக்குமாறு கேட்க 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்து 81ஆம் பிரிவு உரிமை தருகிறது. கேட்பவர் சிலரே. வீடு திரும்பும் அவசரத்தில் கையொப்பம் முந்திக்கொள்கிறது, பார்வை பிந்திவிடுகிறது.

புது வண்டி எடுக்கும் அன்பர்களுக்குப் பயன்படுமாதலால், நாம் பார்த்தவற்றைக் குறிப்பிடுகிறோம். வண்டியின் அடையாள எண் பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. சட்டத்தில் பொறித்த எண்ணும், விலைப்பட்டியலில் உள்ள எண்ணும், காப்பீட்டில் உள்ள எண்ணும் ஒன்றேதானா என்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்து ஒப்பிட்டோம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் தனியே இருக்கும். முதலிரண்டு, அது செய்யப்பட்ட வாரம், பின்னிரண்டு, ஆண்டு. நான்கு டயர்களையும் குனிந்து பார்த்தோம். அண்ணாச்சி தம் பங்குக்குச் சிறு கைவிளக்கை ஏந்திக் கதவு இடுக்குகளில் விரலோட்டி இடைவெளி சமமா என்று அளந்தார். வண்ணத்தைச் சாய்வொளியில் நோக்கினார். விமானத் தொழிற்சாலையில் ஒவ்வொரு வேலையையும் செய்தவர் ஒருவர் கையொப்பமிட, சரிபார்த்தவர் மற்றொருவர் கையொப்பமிடுவர் என்றார். குறை எதுவும் காணப்படவில்லை. ஓடிய தொலைவு காட்டும் கருவியில் 38 கிலோமீட்டர் என்றிருந்தது. “வண்டி 38 கிலோமீட்டர் ஓடிய நிலையில், பார்த்துப் பெற்றுக்கொண்டேன்” என்று இரு படிகளிலும் குறிப்பெழுதச் சொன்னோம். பன்னிரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அண்ணாச்சி அதன் கீழே கையொப்பமிட்டார்.

நிலையத்து மராத்தியப் பெண் ஒருவர் குங்குமத்தால் முன்மூடியில் ஸ்வஸ்திகம் வரைந்து தேங்காய் உடைத்தார். வண்ணத்தில் குங்குமம் படிந்துவிடுமோ என அண்ணாச்சி தவித்தது எல்லார்க்கும் நகைப்பைத் தந்தது. மதினி நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நகர்ந்தது, பழங்கள் நசுங்கின.

அதிவேக வண்டியை வாங்கியவர் அன்று அதனை மெல்லவே ஓட்டியாக வேண்டும். எஞ்சினின் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று இழைந்து பழகும்வரை, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அதன் உச்சச் சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டலாகாது. பின்னர் 1,500 வரை படிப்படியாகக் கூட்டலாம். தடைக்கட்டைகளும் டயர்களும் பிடிப்புப் பெறவும் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். இரண்டு லிட்டர் எஞ்சின், 265 குதிரைத் திறன், ஆறு வினாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் ஆற்றல் எல்லாம் இருந்தும், பிவண்டிச் சாலையில் லாரிகள் எங்களைத் தாண்டிச் சென்றன. மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன் சன்னலருகே வந்து, முந்தலாமா என்று கையசைத்தான். அண்ணாச்சி சிரித்துத் தலையசைத்து விட்டார். மழைக்காலத்துக் குழிகளைக் கண்டால் மட்டும் அவர் முகம் வாடியது. வண்டியின் அடிப்பாகம் தாழ்ந்தது. ஒவ்வொரு வேகத்தடையையும் தொட்டிலை இறக்குவதுபோலக் கடந்தார். கையால் மாற்றும் கியர் இவ்வண்டியில் இல்லை என்பதே அவருக்கிருந்த ஒரே மனக்குறை. கோல்ஃப் பந்தும் அதனோடு போய்விட்டது. கட்டம் போட்ட துணி மட்டும் இருக்கிறது.

ஆமணே அருகில் இரு வழிகள் பிரிந்தன. ஒன்று சம்ருத்தி விரைவுச்சாலை. நாகபுரி வரை 701 கிலோமீட்டர். 2022 திசம்பர் 11ஆம் நாள் அதன் முதல் 520 கிலோமீட்டர் திறக்கப்பட்டது. ஆமணே முதல் இகத்புரி வரையான கடைசி 76 கிலோமீட்டர், நாங்கள் செல்வதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 2025 சூன் 5ஆம் நாள்தான் திறக்கப்பட்டிருந்தது. அவ்வழியே சென்றால் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள குகைவழியில் புகுந்து, மலையைக் காணாமலே மலையைக் கடந்து விடலாம். சமவெளியில் 120 கிலோமீட்டர் வேகம் வரை செல்ல இசைவுண்டு. மற்றொன்று பழைய கசாரா மலைப்பாதை.

“புதுவழி பத்திரமானது” என்றார் மதினி. “உண்மைதான். ஆனால் புது எஞ்சினை நெடுநேரம் ஒரே சுழற்சியில் ஓட்டக் கூடாது. ஏற்றம், இறக்கம், வளைவு என்று மாறி மாறி உழைத்தால்தான் பழகும். இன்றைக்கு மலைதான்” என்றார் அண்ணாச்சி. காரணம் மெய்யானது, ஆவலும் மெய்யானது.

சகாப்பூர், கர்டி வழியாகக் கசாராவை அடைந்து, சாலையோரத்தில் தேநீர் அருந்தினோம். தயிர்ச்சோற்றுக்கு வடாபாவ் துணையாயிற்று. மேகம் மலையின் பாதி வரை இறங்கியிருந்தது. ஏறத் தொடங்கியதும் அண்ணாச்சியின் இருப்பே மாறியது. முதுகு நிமிர்ந்தது, சக்கரத்தின் பின்னாலுள்ள சிறு துடுப்புகளை விரலால் இழுத்துக் கியரை இறக்கினார். எஞ்சினின் ஒலி சற்றே கனத்தது. ஈரமான வளைவில் முன்சக்கரங்கள் வழுக்காமல் வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டன. வேகம் அதிகமில்லை, ஐம்பதைக்கூடத் தாண்டவில்லை. ஆயினும் செயல் தெரிந்த கையில் நல்ல கருவி அமைந்தால் எப்படியிருக்கும் என்பதை அன்று கண்டோம்.

பாதி மலையில் மதினி பின்னிருக்கையிலிருந்து பேசினார்.

“தம்பி, 38 கிலோமீட்டர் என்று குறிப்பெழுதிவிட்டுத்தானே கையெழுத்துப் போடச் சொன்னீர்கள்? என் பெயருக்கும் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். மனை விற்ற பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அங்கே ஒரு கிணறு வெட்டி, வாசலில் ஒரு வேம்பு வைக்க வேண்டும் என்று 31 வருஷம் நினைத்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.”

அண்ணாச்சி அகன்ற ஓரம் கண்டு வண்டியை நிறுத்தினார். மழை கூரையில் விழும் ஒலி மட்டும் கேட்டது. கீழே தண்டவாளம் தெரிந்தது.

“அங்கே யார் இருக்கிறார்கள்? அம்மா போய்விட்டாள், அண்ணன் போய்விட்டார். மகள் புனேயில், பேரன் பேசுவதில் பாதி மராத்தி. கிணறு வெட்டினாலும் தண்ணீர் இறைக்க நாம் இருவர்தானே?” என்றார் அவர்.

“அது தெரிந்துதானே கையெழுத்துப் போட்டேன். தெரிவது வேறு, ஆசை வேறு.”

“நான் கேட்டிருக்க வேண்டும்” என்றார் அண்ணாச்சி. மதினி அதற்கு மறுமொழி சொல்லாமல், திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். பூசிக்கொண்டு வண்டியை எடுத்தார். இருவருக்கும் இடையே அமைந்த அந்த மௌனத்தில் கசப்பு இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. நெடுநாள் மூடியிருந்த பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளிருப்பதை எண்ணிக் குறித்துக்கொண்டது போலவே இருந்தது.

உச்சியில் காடன்தேவி கோயிலில் இறங்கி வணங்கினோம். மலைவழியின் காவல் தெய்வமாக இவ்வன்னையை இப்பகுதி மக்கள் போற்றுகின்றனர். இகத்புரியைத் தாண்டியதும் மழை குறைந்தது. இருபுறமும் நெல் நாற்றங்கால்கள் பச்சைப் பாய் விரித்திருந்தன. அந்தி சாயும் வேளையில் நாசிக் வந்து சேர்ந்தோம். சங்கத்துக் குழந்தைகள் தெருமுனையில் காத்திருந்தனர். அண்ணாச்சி ஒவ்வொருவரையும் ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி இறக்கினார்; செருப்பை மட்டும் வெளியே விடச் சொன்னார்.

சில நாளில் எம்.எச். 15 என்று தொடங்கும் நாசிக் எண் கிடைத்தது. எண் பலகையைத் திருகாணியிட்டுப் பொருத்தியபோது நாமும் உடனிருந்தோம். 37 ஆண்டுகளாக இந்நகரில் வாழ்பவர் அவர். குடும்ப அட்டை இங்கே, வாக்கு இங்கே, மகள் பிறந்ததும் இங்கே. எனினும், “நமக்கென்ன, ஊருக்குப் போகிறவர்கள்தானே” என்ற சொல் அவர் பேச்சில் என்றும் இருந்துவந்தது. அந்த எண் பலகையைப் பொருத்திய பிறகு அச்சொல்லை அவர் வாயில் நாம் கேட்கவில்லை.

நம் வாசகருள் பலர்க்கு ஊரில் ஒரு மனை உண்டு. அதனை விற்கச் சொல்வதும், வைத்துக்கொள்ளச் சொல்வதும் நம் வேலையன்று. விற்ற பணத்தில் கார் வாங்கச் சொல்வோமாயின் இல்லத்தரசிகள் நம்மைச் சங்கத்திற்குள் விடமாட்டார்கள். நாம் கேட்பது ஒன்றே. போவதா, இருப்பதா என்பதைக் கருவேல் வெட்டும் கூலியாக ஆண்டுக்காண்டு தள்ளிப்போடாமல், கணவனும் மனைவியும் ஒருநாள் எதிரெதிரே அமர்ந்து பேசி முடிவு செய்யலாம். கையொப்பமிடுமுன் அவரவர் குறிப்பை அவரவர் எழுதலாம். இழப்பதை இன்னதென்று சொல்லி இழந்தால், அது பிற்காலத்தில் வழக்காக வந்து நிற்காது.

1,500 கிலோமீட்டர் முடிந்துவிட்டது. திரியம்பகம், சின்னர், இகத்புரி என்று ஞாயிறுதோறும் இருவரும் சென்று வருகின்றனர். அண்ணாச்சி வீட்டு வாசலில் மதினி ஒரு வேப்பங்கன்று நட்டிருக்கிறார். அது தழைத்து நிழல் தரச் சில ஆண்டுகளாகும். ஆயினும் அதில் வந்து அமரப்போகும் காக்கைகளால் சிவப்பு வண்ணத்துக்கு என்ன நேருமோ என்று அண்ணாச்சி இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டார்.